பெட்டைகளுக்கு முதுகில் இறகே இல்லை, வழி சொல்லுங்க

வணக்கம். கொல்லையில் சிறுவிடை என்கிற சின்ன ரக நாட்டுக்கோழியில் 7 பெட்டை, 2 சேவல் வளர்க்கிறேன். ஒரு மாதமாக 3 பெட்டைகளுக்கு முதுகிலும் வால் அடியிலும் இறகு கொட்டி, தோல் சிவந்து தெரிகிறது. கறுப்பிக்கு விலாவில் நகக்கீறலும் இருக்கிறது. தொட்டாலே உடம்பைக் குறுக்கிக்கொள்கிறது, பார்க்கவே மனசு தாங்கவில்லை.

பருவத்துக்கு உதிர்வது என்றால் தலை, கழுத்தில் ஆரம்பிக்கும், புதுக் குருத்தும் குச்சி குச்சியாக முளைக்கும். இதுகளுக்கு அப்படி இல்லை. ராத்திரி டார்ச் அடித்து ஆசனவாய்ப் பக்கம் இறகை விலக்கிப் பார்த்தேன். பேன் இல்லை, இறகடியில் வெள்ளையாக ஒட்டும் ஈரும் இல்லை. கூண்டு இடுக்கிலும் செல் (ரத்தம் உறிஞ்சும் பொடிப் பூச்சி) இல்லை. புரள்வதற்குச் சாம்பல் குழி எப்போதும் உண்டு.

சேவல் இணை சேர முதுகில் ஏறி மிதித்துத்தான் இப்படி ஆகிறது என்று நினைக்கிறேன். 10 பெட்டைக்கு ஒரு சேவலே போதுமே! பெரிய சேவலை நேற்றே பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டேன்.

எத்தனை வாரம் பிரித்து வைக்கணும்? கீறலுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போதுமா, மற்ற கோழிகள் அதைக் கொத்தாமல் இருக்குமா? தீனி குருணையும் கம்பும்தான். இறகு முளைக்கப் புரதம் வேணுமே, கருவாட்டுத் தூள் எவ்வளவு கலக்கலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.