'செயற்கைத் தோல்' இருக்கட்டும், 'வளர்தோல்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செல்களை அச்சிட்டு ஆய்வகத்தில் வளர்க்கும் தோலுக்குத் தமிழில் என்ன பெயர் என்ற கேள்விக்கு இதுவரை ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன: செயற்கைத் தோல், ஆய்வகத் தோல், அச்சுத் தோல், உயிரச்சுத் தோல், வளர்ப்புத் தோல். ஐந்தும் படித்தவுடன் புரிகின்றன. அது போதுமா என்பதுதான் என் சந்தேகம். இந்தச் சொல்லை அதிகம் கேட்கப்போவது நாம் இல்லை, தீக்காயத்தோடு படுத்திருப்பவரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும்தான். நோயாளிகளுக்கான விளக்கத்தாள் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் எனக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் யோசனை வருகிறது.

செயற்கைத் தோலை முதலில் தள்ளிவிடலாம். நம் மொழியில் உடம்பின் மேல் இருப்பதும் தோல்தான், செருப்பில் இருப்பதும் தோல்தான். முன்னால் 'செயற்கை' வந்துவிட்டால் மனம் நேரே கைப்பைக்கும் சோபாவுக்கும் போய்விடுகிறது. ரெக்சினைக் காயத்தில் ஒட்டிக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்? தவிர, அந்தப் பெயருக்குப் பொருத்தமான பொருள் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஜான் பர்க், அயோனிஸ் யானஸ் என்ற ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்ட தோல் மாற்று அது. மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதம், சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த சர்க்கரைச் சேர்மம், மேலே ஒரு சிலிக்கோன் படலம். உயிருள்ள செல் அதில் ஒன்றுகூட இல்லை. காயத்தில் வைத்தால் நோயாளியின் சொந்தச் செல்கள் உள்ளே புகுந்து குடியேறும். செயற்கைத் தோல் என்ற பெயரை அதற்கே விட்டுக்கொடுத்துவிடலாம்.

ஆய்வகத் தோலும் எனக்கு வேறொன்றைத்தான் நினைவூட்டுகிறது. விலங்குகள் மேல் சோதித்த அழகுப் பொருள்களை விற்க ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் முழுத்தடை போட்டது. விலங்குக்குப் பதிலாக, களிம்பு எரிச்சல் தருமா என்று பார்ப்பதற்காகவே கிண்ணத்தில் வளர்க்கும் தோல் உண்டு. அது ஆய்வகத்தைவிட்டு வெளியே வருவதே இல்லை. ஆய்வகத் தோல் என்றால் அதுதான் பொருத்தம்.

சரி, அச்சுக்கு வருவோம். இதில்தான் சூடு அதிகம்.

'அச்சு' வேண்டும் என்பவர்கள் பக்கம் வரலாறு இருக்கிறது. 1988இல் ராபர்ட் கிளீப் என்ற ஆய்வாளர் சாதாரண மைத்தெளிப்பு அச்சுப்பொறியில் மைக்குப் பதிலாகச் செல்களை ஒட்டவைக்கும் ஒரு புரதத்தை ஊற்றி, செல்கள் எங்கே உட்கார வேண்டும் என்பதை அச்சிட்டுக் காட்டினார். 2000க்குப் பிறகு தாமஸ் போலண்ட் என்ற ஆய்வாளரின் குழு உயிருள்ள செல்களையே மைப்பெட்டியில் நிரப்பியது. ஆக, இந்தத் துறை பிறந்ததே மேசை அச்சுப்பொறியில்தான். பெயரில் அச்சு வருவது உவமை இல்லை, நடந்த கதை.

ஆனால் வேலையை நேரில் பார்த்தால் மனம் மாறும். நான் பார்த்த இயந்திரத்தில் ஒரு ஊசிக்குழல், அதன் கீழே ஒரு கண்ணாடிக் கிண்ணம். குழலிலிருந்து முடியைவிடச் சற்றுத் தடித்த ஓர் இழை, கோலப்பொடி இழுப்பதைப் போல் நிதானமாக, முன்னும் பின்னும் போய் வந்தது. ஒரு வரிசை முடிந்ததும் அதன் மேல் குறுக்காக இன்னொன்று. இப்படியே சில அடுக்குகள். தபால்தலை அளவு சதுரம் ஒன்று சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. "இதுதான் தோலா?" என்று கேட்டேன். "இன்னும் இல்லை" என்றார் இயக்கிக்கொண்டிருந்தவர்.

அந்த 'இன்னும் இல்லை'தான் என் வாதம் முழுவதும். அச்சிட்டு முடிந்த சதுரத்தை இளஞ்சிவப்பு ஊட்டநீரில் போட்டு, உடம்பின் சூடான 37 டிகிரியில் பெட்டிக்குள் வைக்கிறார்கள். செல்கள் தின்று கழிக்கக் கழிக்க நீர் புளித்து மஞ்சளாகிறது. மஞ்சளானால் மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும் யாராவது வந்தாக வேண்டும். கீழ் அடுக்கில் உள்ள நார்ச்செல்கள் தாங்களே கொலாஜனைச் சுரந்து அடித்தோலைக் கட்டுகின்றன. மேலே, மேல்தோலை உண்டாக்கும் கெரட்டின் செல்கள் தோளோடு தோள் சேர்ந்து மூடிக்கொள்கின்றன. சில நாள் கழித்து நீர்மட்டத்தைக் குறைத்து, மேற்புறம் காற்றில் படும்படியும் அடிப்புறம் மட்டும் நீரில் நனையும்படியும் வைக்கிறார்கள். காற்று பட்ட பிறகுதான் மேல் செல்கள் தட்டையாகி, செத்து, நம் கையில் இருப்பதைப் போன்ற காய்ந்த படலம் ஆகின்றன. இதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நிமிடக் கணக்கில் அச்சு, வாரக் கணக்கில் வளர்ச்சி. பெயரை நிமிடத்துக்குக் கொடுப்பதா, வாரத்துக்குக் கொடுப்பதா?

இன்னொன்றும் உண்டு. அச்சே இல்லாமலும் தோல் வளர்த்திருக்கிறார்கள். ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் மனிதக் கெரட்டின் செல்களைக் கிண்ணத்தில் தொடர்ந்து பெருக்கும் வழியை 1975இல் கண்டுபிடித்தார்கள். சில சதுர சென்டிமீட்டர் துண்டு சில வாரங்களில் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகியது. 1983இல் ஏறக்குறைய உடம்பு முழுக்க வெந்துபோன இரண்டு சிறுவர்களை, அண்ணன் தம்பி இருவரையும், அவரவர் செல்லிலிருந்து வளர்த்த மேல்தோலை ஒட்டிப் பிழைக்கவைத்தார்கள். அதையும் இதையும் ஒரே குடும்பமாகக் காட்டும் பெயர்தான் நமக்கு வேண்டும். அச்சு இங்கே செய்முறை, பொருள் இல்லை.

அப்படியானால் வளர்ப்புத் தோல்? நெருங்கிவிட்டது. ஆனால் வளர்ப்பு மகன், வளர்ப்புப் பிராணி என்று பழகிய காதுக்கு இது யாரோ பெற்றதை எடுத்து வளர்த்ததுபோல் இருக்கிறது. வேறொருவர் செல்லிலிருந்து வளர்த்தால் அந்தப் பெயர் அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் நிலையாக ஒட்ட வேண்டிய மேல்தோலுக்கு நோயாளியின் சொந்தச் செல்தான் வேண்டும், அடுத்தவர் செல்லை உடம்பு நாளடைவில் தள்ளிவிடும். சொந்தப் பிள்ளை விடுதியில் தங்கிப் படித்துவிட்டு வீடு திரும்பினால் வளர்ப்புப் பிள்ளை என்பீர்களா?

என் பரிந்துரை: வளர்தோல்.

வளர்பிறை மாதிரி வினைத்தொகை. வளர்ந்த தோல், வளர்கின்ற தோல், வளரும் தோல் என்று மூன்று காலத்துக்கும் விரியும். இந்தப் பொருளுக்கு அது அலங்காரம் இல்லை, தேவை. கிண்ணத்தில் வளர்ந்தது, ஒட்டும்போது வளர்ந்துகொண்டிருக்கிறது, ஒட்டிய பிறகும் வளர வேண்டியது நிறைய இருக்கிறது. ரத்தக் குழாய் உள்ளே வந்தாக வேண்டும். அருகில் நுண்குழாய் இல்லாமல் கால் மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் செல்லுக்கே ஆக்சிஜன் எட்டாது, தடிமனாக அச்சிட முடியாததற்குக் காரணமும் இதுதான். வியர்வைச் சுரப்பியும் முடிவேரும் இன்னும் சரியாகக் கைவரவில்லை. முடிந்த பொருள்போல் ஒலிக்கும் எந்தப் பெயரும் நோயாளியிடம் சொல்லும் சின்னப் பொய். எழுதுபவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும், நடுவில் வல்லினம் மிகாது. 'வளர்த்தோல்' என்று ஒரு த் கூடிவிட்டால் தொகையும் போச்சு, பொருளும் போச்சு.

உடனே ஒரு கேள்வி வரும்: "என் கையில் இருக்கும் தோலும் மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறதே, அதுவும் வளர்தோல்தானே?" நியாயம்தான். ஆனால் கையால் எழுதுவதெல்லாம் கையெழுத்து என்றாலும், "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்றால் யாரும் கட்டுரை எழுத ஆரம்பிப்பதில்லை. புழக்கம் பொருளைக் குறுக்கிக்கொள்ளும்.

இனி, செய்முறைக்குப் பெயர். உயிரச்சு எனக்கும் பிடித்திருந்தது, விளக்கத்தாளில் தட்டச்சு செய்யும்வரை. ஓரிடத்தில் விரல் தவறி 'உயிரச்சம்' என்று விழுந்தது. அறுவைக்குக் காத்திருப்பவர் கையில் போகும் தாளில்! ஓர் எழுத்துத் தூரத்தில் இப்படி ஒரு பள்ளம் இருக்கும் சொல் வேண்டாம். 'திசு அச்சு' என்று இடைவெளி விட்டே எழுதலாம். இலங்கை வழக்கில் இழைய அச்சு. அச்சிடும்போது அது திசுவே இல்லையே, வெறும் செல்லும் களியும்தானே என்று கேட்பீர்கள். கிணறு வெட்டினான் என்கிறோம், வெட்டியது மண்ணைத்தான். ஆகப்போவதைச் செயப்படுபொருளாக வைப்பது நமக்குப் பழக்கம், நன்னூல் இதை 'ஆக்கல்' என்றே வகுத்திருக்கிறது.

அச்சுப்பொறியில் மைக்குப் பதிலாக ஊற்றும் செல் கலவைக்கு 'உயிர்மை' என்று ஒருவர் சொல்லியிருந்தார். அழகு, ஆனால் பார்த்தவுடன் இளமை, இனிமை வரிசையில் பண்புப்பெயராகத்தான் படுகிறது. உயிர்க்கூழும் வேண்டாம், நசுங்கிக் கூழானது என்பது வழக்கு. மெல்லிய ஊசியில் அழுத்தித் தள்ளும்போது செல் அப்படி நசுங்கக்கூடாது என்பதுதான் அங்கே எல்லோருக்கும் கவலை. அந்தப் பொருளின் குணம் என்னவென்றால், குழலில் இளகி ஓடும், வெளியே வந்ததும் உறையும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கால்சியம் பட்டதும் உறைகிறது, கொலாஜன் குளிரில் நீர்போல் இருந்து உடல் சூட்டில் இறுகுகிறது. 'உயிர்க்களி' என்று தற்காலிகமாக எழுதிவைத்திருக்கிறேன். நல்லது கிடைத்தால் மாற்றிவிடுகிறேன்.

செல்கள் பற்றிக்கொண்டு வளரும் கட்டமைப்புக்குச் சாரம் போதும். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்பதைப் போல இதுவும் கரைந்து போகிறது. இந்தச் சிகிச்சைத் துறையின் பெயருக்குப் பள்ளி விலங்கியலில் உள்ள 'இழப்பு மீட்டல்' வேண்டும் என்றவருக்கு: பல்லிக்கு வால் முளைப்பதற்கு அது சரி, 'இழப்பு மீட்டல் மருத்துவம்' என்றால் காப்பீட்டு அலுவலகம்போல் இருக்கிறது. மீளுருவாக்க மருத்துவமே இருக்கட்டும்.

விளக்கத்தாளில் இப்போது வாக்கியம் இப்படி நிற்கிறது: "உங்கள் தோலிலிருந்து சிறு துண்டு எடுத்து, அதன் செல்களைப் பெருக்கி, திசு அச்சு முறையில் அடுக்கி, சில வாரம் வளர்த்து, அந்த வளர்தோலைக் காயத்தில் ஒட்டுவோம். ஒட்டு பிடித்துவிட்டதா என்று கட்டுப் பிரிக்கும்போது பார்ப்போம்."

கடைசி வரியில் வரும் 'பிடித்துவிட்டதா'வுக்கும் கலைச்சொல் தேடி அரை நாள் வீணாக்கினேன். மாங்கன்றில் ஒட்டுக் கட்டுபவர்கள் எப்போதோ சொல்லிவைத்ததுதான் அது. அதை யாரும் மாற்றச் சொல்லாதீர்கள்.