சுரங்கத்துக்குள் 0.2 ஹெர்ட்ஸ் நில அதிர்வு இரைச்சல் ஏன் இறங்கவில்லை?

பாறைக்காது:
கைவிட்ட சுரங்கத்தில் 100 மீட்டர் ஆழத்தில் டிரில்லியம் 240 நில அதிர்வுமானி மூன்று வாரமாக ஓடுகிறது. ஈர்ப்பலைகளைப் பதிவுசெய்யத் திட்டமிட்டுள்ள ஐன்ஸ்டைன் தொலைநோக்கிக்காக இத்தாலியின் சார்டினியாவிலுள்ள சோஸ் எனாட்டோஸில் நடப்பது போன்ற இட ஆய்வு. 3 ஹெர்ட்ஸுக்கு மேல் தரைமட்டத்தைவிட நல்ல அமைதி. 0.2 ஹெர்ட்ஸில் தரைமட்டத்திலும் சுரங்கத்திலும் ஒரே அளவு. 0.05 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடைத்திசைப் பதிவு இரண்டும் செங்குத்தைவிட 20 டெசிபெல் கூடுதல். கருவிப் பழுதா?

அலைநீளம்:
0.2 ஹெர்ட்ஸ் கடலலையின் வேலை, பழுதில்லை. தரையின் மேற்பரப்பை ஒட்டிப் போகும் ராலே அலை பாறையில் நொடிக்கு 3 கி.மீ. போனால் அலைநீளம் 15 கி.மீ. அதற்கு உங்கள் 100 மீட்டரும் தரைதான். 5 ஹெர்ட்ஸில் 600 மீட்டர். ஆழம் அங்கேதான் கைகொடுக்கும். நில அதிர்வு இரைச்சலுக்குப் பீட்டர்சன் 1993இல் தந்த தாழ்வரம்புக் கோட்டிலேயே 5 நொடி அருகில் மேடு உண்டு.

கிடைத்திசையில் தெரிவது சாய்வு. 1 நானோரேடியன் சாய்ந்தாலே சுமார் 10⁻⁸ மீ/நொ² முடுக்கமாகப் பதிவாகும். 1,000 கி.மீ. கம்பியின் ஒரு முனையை 1 மி.மீ. தூக்கினால் வரும் சாய்வு அது! செங்குத்தில் இதன் தடமே இருக்காது. கருவி எதன் மேல் நிற்கிறது? எப்படி மூடியிருக்கிறீர்கள்?

பாறைக்காது:
ஜல்லிக் காங்கிரீட் மேடை, ஊற்றி ஒரு மாதம். மேலே தெர்மோகோல் பெட்டி. உள்ளே ஒரு சாண் காலியிடம்.

அலைநீளம்:
அந்த ஒரு சாண்தான் முதல் சந்தேகம். கருவியின் சூட்டில் அங்கே காற்று சுழலும். பஞ்சோ கம்பளியோ வைத்து நிரப்புங்கள், கருவியைத் தொடாமல். மேடையை உடைத்து, பாறையைக் கழுவி, சலித்த மணலும் சிமென்டும் சரிபாதி கலந்து குமிழி போகத் தட்டி ஊற்றுங்கள். ஜல்லி, கம்பி வேண்டாம்; சிமென்டும் அவையும் வேறுவேறு அளவில் விரிந்து சுருங்கி நுண்விரிசல் விடும். மேடை சுவரைத் தொடக்கூடாது. கால் திருகுகளைப் பூட்டினீர்களா? கேபிளைத் தளர்வாக ஒரு சுற்று விட்டு மேடையிலேயே அழுத்தி வையுங்கள். விறைத்த கேபிள் கருவியை இழுக்கும். மூடியபின் முதல் வாரத் தரவைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மூன்றுகருவி:
உடைப்பதற்குமுன் அதே மேடையில் பக்கத்தில் இன்னும் இரண்டு கருவி வைத்து ஒத்திசைவு (பதிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று) பாருங்கள். கிடைத்திசையில் மூன்றும் ஒத்துப்போனால் மேடையே சாய்கிறது. ஒத்துப்போகாவிட்டால் கோளாறு பெட்டிக்குள், மேடையை விட்டுவிடலாம். திசைப் பொருத்தம் 0.1 பாகை பிசகினாலும் 0.2 ஹெர்ட்ஸ் மேடு கசிந்து, கருவியின் சொந்த இரைச்சல் போல வேடம் போடும். கீழே ஜிபிஎஸ் எட்டாது. ஆன்டெனா மேலே, நேரம் ஃபைபரில். இட ஆய்வுக்குச் சராசரி போடாதீர்கள், ஒரு நிலநடுக்கமே அதைத் தூக்கிவிடும். 10, 50, 90 சதமானம் போடுங்கள்.

இன்னொன்று: நீரிறைக்கும் பம்பு ஓடும் நேரத்தைக் குறித்து வையுங்கள். 3 ஹெர்ட்ஸுக்கு மேலான அமைதி பம்பு நின்ற நேரத்தில் மட்டும் கிடைத்ததாக இருக்கலாம்.