முனையை இழுக்கும் முன் விடையை எழுதச் சொல்லுங்கள்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்டர் 2001-இல் தொடங்கிய, திரையில் உருவங்களை வரைந்து இழுத்து அசைத்துப் பார்க்க உதவும் கணக்கு மென்பொருளான ஜியோஜீப்ரா, இன்று நம் கணக்குப் பாடநூலின் ‘இணையச் செயல்பாடு’ வழியாக நடுநிலை வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. அதை வகுப்பில் தொடர்ந்து பயன்படுத்திவருபவன் என்ற முறையில் நான் கண்டதைப் பகிர்கிறேன். உருவம் திரையில் அசைவதைப் பார்த்ததாலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு புரிந்துவிடுவதில்லை. அசைத்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே எழுத வைத்தால்தான் அவர்கள் திரையைக் கூர்ந்து பார்க்கிறார்கள்.

முக்கோணத்தின் பரப்பளவையே எடுத்துக்கொள்வோம். அடிப்பக்கம் 6 செ.மீ., உயரம் 4 செ.மீ. கொண்ட இருசமபக்க முக்கோணம் ஒன்றை, அதன் மேல்முனை அடிப்பக்கத்துக்கு இணையான கோட்டில் மட்டுமே நகரும்படி அமைத்திருந்தேன். முனையை வலப்புறம் இழுத்தால் பரப்பளவு கூடுமா, குறையுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் கூடும் என்றே நோட்டில் எழுதினார்கள். பக்கங்கள் நீள்வது கண்ணுக்குத் தெரிகிறதே, வேறு எப்படி எழுதுவார்கள்! சுற்றளவு 16 செ.மீ.யிலிருந்து ஏறத்தாழ 20.85 செ.மீ. வரை வளர்ந்த பிறகும் பரப்பளவு 12 சதுர செ.மீ.யாகவே நின்றபோது, கணினிதான் பழுதாகியிருக்கிறது என்று ஒரு மாணவி வாதிட்டாள். வரைபடத் தாளில் அதே முக்கோணத்தை வரைந்து, அதைச் சுற்றிச் செவ்வகம் இட்டு, மிகுதியைக் கழித்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டாள். திரை காட்டியதை உடனே நம்பியவர்களைவிட அவளுக்கே ‘அரை × அடிப்பக்கம் × உயரம்’ என்பது நன்றாகப் புரிந்தது என்பது என் கணிப்பு.

கோணங்களின் கூடுதலில் இன்னொரு வேடிக்கை நேர்ந்தது. அளவுகளை முழு எண்களாகக் காட்டும்படி வைத்திருந்ததால், ஒரு குழுவின் முக்கோணத்தில் 45, 60, 74 என்று வந்து, கூட்டினால் 179 பாகைதான் கிடைத்தது. ஒரு தசம இடம் வரை காட்டச் செய்ததும் அவை 45.3, 60.4, 74.3 என மாறிக் கணக்கு 180-க்கு வந்தது. முழுதாக்கலைத் தனிப் பாடமாக நடத்தியபோது எழாத கேள்விகளெல்லாம் அன்று எழுந்தன.

விடையை உடனே சொல்லிவிடும் அசைபடக் காணொளிகளில் இப்படித் தடுக்கி நிற்க இடமே இல்லை. அவற்றை நான் பாடம் முடிந்தபின் மீள்பார்வைக்கு மட்டுமே போடுகிறேன். கணினிகள் குறைவாக உள்ள பள்ளிகளில் இருவரை ஒன்றாக அமர்த்தி, ஒருவர் எழுதிய ஊகத்தை மற்றவர் இழுத்துச் சோதிக்கும்படி மாற்றி மாற்றிச் செய்ய வைக்கலாம்.