பிளாக் காமெடியில் தற்செயல் எப்போ விதியா மாறுது?

கேள்வி:
சாவு மாதிரி கொடூரமான விஷயங்களை வச்சு சிரிக்க வைக்கிற பிளாக் காமெடி ஒண்ணு எழுதறேன். அந்தத் திரைக்கதையின் க்ளைமாக்ஸை ஒரு தற்செயல்தான் முடிச்சு வைக்குது. படிச்சவங்க எல்லாரும் "எழுதினவருக்கு வசதியா வந்து விழுந்திருக்கு"ன்னு சொல்றாங்க. விதின்னு தோணணும்னா என்ன செய்யணும்? விதியைப் பத்தி ஒரு பாத்திரம் பேசினா போதுமா?

பதில்:
பேசவே வேண்டாம், அந்த வசனத்தை முதல்ல வெட்டுங்க. தற்செயல் நாயகனை மாட்டிவிட்டா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. காப்பாத்தினாத்தான் கேட்பாங்க.

'இன் ப்ரூஜ்' (2008) முடிவைப் பிரிச்சுப் பாருங்க. படம் பார்க்காதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க. கூலிக்கொலையாளி ரே சுட்ட குண்டு தவறுதலா ஒரு சிறுவனைக் கொன்னது பாதியிலேயே தெரிஞ்சிடுது. குழந்தையைக் கொன்னா அந்த இடத்திலேயே தன்னைச் சுட்டுக்கணும்ங்கிறது அவன் முதலாளி ஹாரியின் கொள்கை. உயரம் குறைந்த நடிகர் ஜிம்மி, ஊரில் நடக்கிற ஷூட்டிங்குக்காக ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டிருக்கார். ஹாரி சுட்டு ரேயைத் துளைச்ச குண்டு ஜிம்மி தலையைச் சிதைக்க, ஹாரி கண்ணுக்குத் தெரியறது யூனிஃபார்ம் மட்டும்தான். குழந்தையைக் கொன்னுட்டோம்னு நினைச்சு தன்னையே சுட்டுக்கறான். ஜிம்மி அதுவரை சிரிக்க வைக்க வந்த ஆள், அதனால யாரும் அவரைச் சந்தேகப்படலை.

இன்னொரு பதில்:
எல்லாக் கணக்கும் இப்படி நேராகணும்னு இல்லை. 'எ சீரியஸ் மேன்' (2009) கடைசியைப் பாருங்க. லஞ்சக் கவர் விஷயத்தில் சிக்கின மாணவனின் ஃபெயில் மார்க்கான 'எஃப்'பைப் பேராசிரியர் லாரி அழிச்சு 'சி' போடறார். கொஞ்சம் யோசிச்சு, பக்கத்துல ஒரு சின்ன மைனஸ். உடனே போன் அடிக்குது: எக்ஸ்ரே பத்திப் பேச டாக்டர் நேர்ல வரச் சொல்றார். அந்த எக்ஸ்ரே படத்தின் ஆரம்பத்திலேயே எடுத்தது, மார்க்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனா ரெண்டும் ஒட்டி வர்றதால, இது தண்டனையான்னு மனசு தேட ஆரம்பிச்சிடுது. 'எனக்கு ஏன் இப்படியெல்லாம் நடக்குது'ன்னு லாரி படம் முழுக்கத் தவிச்ச கேள்வி அப்படியே நம்ம தலையில ஏறுது. இதுதான் எனக்கு உசத்தி.

கேட்டவர்:
க்ளைமாக்ஸ்ல உதவப்போற பொருளை முன்னாடியே காட்டினா ஊகிச்சிட மாட்டாங்களா?

பதில்:
அந்தப் பொருளுக்கு அங்கே வேற வேலை இருந்தா ஊகிக்க மாட்டாங்க. க்ளைமாக்ஸ்ல வர்ற ஆள், உடை, ஆயுதம் ஒவ்வொண்ணுக்கும் தனி அட்டை எழுதுங்க. முதல் பாதியில எந்தக் காட்சியில, எதுக்காக வருதுன்னு பின்பக்கம் குறிங்க. பின்பக்கம் காலியா இருக்கிற அட்டைதான் ஓட்டை. இசையையும் கவனிங்க: 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' (2007) படத்தில் கொலைகாரன் சிகுர் பச்சை விளக்கில்தான் காரை ஓட்டிட்டுப் போறான், எந்த இசையும் எச்சரிக்காம இன்னொரு கார் வந்து மோதுது.