மார்ஷல்: ஒரே ஒலி, இரண்டு சொற்கள் (அனுபவப் பகிர்வு)

அஸ்தம்பட்டியிலிருந்து:

போட்டித் தேர்வுக்குப் படித்த நாட்களில், இராணுவ விசாரணையான கோர்ட் மார்ஷலை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். ஃபீல்டு மார்ஷல் என்ற பதவிப் பெயரின் எழுத்துகளையே நானும் எழுதி வைத்து மதிப்பெண்ணை இழந்தேன். தமிழில் இரண்டையும் ஒன்றுபோலவே எழுதுகிறோம். ஆங்கிலத்திலும் ஒலியில் வேறுபாடில்லை. ஆனால், விசாரணையைக் குறிக்கும் தொடரில் உள்ள சொல் (martial) உரோமர்களின் போர்க்கடவுளான மார்ஸின் பெயரிலிருந்து கிளைத்தது. இராணுவச் சட்டத்தைக் குறிக்கும் மார்ஷல் லா என்பதில் இருப்பதும் அதுவே. அதிகாரியைக் குறிக்கும் சொல்லோ (marshal), குதிரை, ஏவலாள் என்னும் பொருளுடைய இரண்டு பழைய ஜெர்மானியச் சொற்கள் சேர்ந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. லாயம் பார்த்தவர்தாம் காலப்போக்கில் படைத்தலைவராக உயர்ந்திருக்கிறார்! நம் கான்ஸ்டபிளின் மூலமும் லாயத்து அதிகாரி என்னும் லத்தீன் தொடர்தான்.

பதவிகளிலும் எனக்குக் குழப்பம் இருந்தது. 1973இல் மானெக்‌ஷாவும் 1986இல் கரியப்பாவும் பெற்ற ஃபீல்டு மார்ஷல் பதவி தரைப்படையின் உச்சம். விமானப்படையின் ஏர் மார்ஷல் அதற்கு இணையானவர் அல்லர். அவர் லெப்டினன்ட் ஜெனரலுக்கு இணையானவர். 2002இல் அர்ஜன் சிங் பெற்ற 'மார்ஷல் ஆஃப் தி ஏர் ஃபோர்ஸ்' என்பதே ஃபீல்டு மார்ஷலுக்கு நிகரானது.

சூரமங்கலத்திலிருந்து:

ஐயா, நான் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்களுக்கு அந்தச் சொல் அதிகாரியை நினைவூட்டியதே இல்லை. அது ஒரு வேலையின் பெயர். வந்து சேரும் வேகன்களைப் பிரித்து, எது எந்த ஊருக்குப் போக வேண்டுமோ அதற்கேற்ப வரிசையாகக் கோத்து வண்டியாக்குவதை மார்ஷலிங் என்போம். வரிசை பிசகினால், வழியில் கழற்ற வேண்டிய வேகன் நடுவில் மாட்டிக்கொண்டு இஞ்சினை முன்னும் பின்னும் அலைக்கழிக்கும். வழக்கறிஞர் தம் சான்றுகளை ஒழுங்காக அடுக்கி வைப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைச்சொல்தான் என்று என் மகள் சொன்னபோது எனக்கு வியப்பாக இல்லை. ஒரு சிறு குறிப்பு: சொல்லின் இறுதியில் ஒரே ஒரு 'எல்'தான், இறந்தகாலமாக்கும்போது பிரிட்டிஷ் வழக்கில் அது இரண்டாகும், அமெரிக்க வழக்கில் ஒன்றாகவே நிற்கும்.

ஏற்காட்டிலிருந்து:

ஓர் ஓட்டப் பந்தயத்துக்குத் தன்னார்வலனாகப் போயிருந்தேன். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளுள் ஒன்றில், 'மார்ஷல்' என்று அச்சிட்ட ஆரஞ்சு நிறச் சட்டையுடன் என்னை நிறுத்தினார்கள். அருகே கொய்யா விற்ற பாட்டி அது என்ன எழுத்து என்று கேட்டார். படித்துச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "சட்டசபையில ஆளைத் தூக்கிட்டுப் போறாங்களே, அந்த வேலையாப்பா உனக்கு?" என்றார். 2017 பிப்ரவரி 18 அன்று, நம்பிக்கை வாக்கெடுப்பின்போது மார்ஷல்கள் எனப்படும் சபைக் காவலர்கள் எதிர்க்கட்சி உறுப்பினர்களை வெளியேற்றியதைத் தொலைக்காட்சியில் கண்ட எவருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் யாரையும் தூக்குவதில்லை என்றும், ஓடுகிறவர்களும் வாகனங்களும் முட்டிக்கொள்ளாமல் ஒழுங்குபடுத்துவதே என் பணி என்றும் விளக்கினேன்.

"அப்படின்னா இதையும் ஒழுங்குபண்ணு" என்று, தம் கூடையை மறைத்து நின்ற நான்கு பைக்குகளைக் காட்டினார். நகர்த்தி நிறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.