உழவு இயந்திரப் பற்றரியை வீட்டில் சார்ஜ் பண்ண உதவி தேவை

வணக்கம் உறவுகளே, ஒட்டுசுட்டான் பக்கமிருந்து எழுதுகிறேன். காலபோக வெட்டு முடிந்தபின் எங்கள் உழவு இயந்திரம் கொட்டிலிலேயே நின்றுவிட்டது. இப்போது சிறுபோகத்துக்கு உழவேண்டும், ஸ்டார்ட் எடுக்குதில்லை. பற்றரி 12 வோல்ற், 70 அம்பியர் மணி, மூடி கழற்றித் தண்ணி விடுகிற வகை. மீற்றரில் 11.9 காட்டுகிறது, நிறைந்த பற்றரி என்றால் 12.6 அளவில் நிற்கவேண்டும்.

மாமா தன் பழைய சார்ஜரைத் தந்திருக்கிறார். அது தானாக நிற்காது, அதுதான் யோசனை. சார்ஜ் ஏற்றுகிற மின்னோட்டத்தை அந்த 70இன் பத்தில் ஒரு பங்கு, அதாவது 7 அம்பியருக்குள் வைப்பேன். கிளிப்புகளை மாட்டின பிறகுதான் சுவிட்ச் போடுவேன், கழற்றுமுன் சுவிட்சை நிறுத்துவேன். இதெல்லாம் சரி. ஆனால் சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வரும், ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். எங்கள் விறகடுப்பு கொட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் பற்றரியைக் கழற்றி, காற்றோட்டமான முன் விறாந்தையில் வைக்க நினைக்கிறேன். அங்கே பிள்ளைகள் ஓடித்திரிவார்கள், அசிட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது.

இந்தச் சார்ஜரை எப்போது நிறுத்துவது? மீற்றரில் 14.4 வந்த உடனேயா, ஹைட்ரோமீட்டரில் (அசிட்டின் அடர்த்தி பார்க்கிற கருவி) எல்லாக் குழியும் 1.26க்கு மேல் வரும்வரையா? தண்ணி தகட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. காய்ச்சி வடித்த தண்ணியை இப்போதே மட்டத்துக்கு விடவா, தகடு மூடுமளவு விட்டுவிட்டு மிச்சத்தை சார்ஜ் ஏறினபின் விடவா? கழற்றாமல் வண்டியிலேயே சார்ஜ் பண்ணுகிறவர்கள் உண்டா?

மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் பற்றரி வேலை செய்கிற அண்ணாமார் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கோ. செய்து பழகின ஆட்கள் சொன்னால்தான் துணிந்து தொடுவேன்.