நெறியா, நிணநீர்க்கணுவா? நோயாளிக்கு எந்தச் சொல்லைச் சொல்வது?

களுவாஞ்சிகுடித் தாதி:
மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் அரச மருத்துவமனையில் வேலை செய்கிறேன். போன வாரம் வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு வயல்காரர் வந்தார். மண்வெட்டி பட்ட கால்விரல், நாலைந்து நாள் சேற்றில் ஊறிச் சீழ் வைத்திருந்தது. கவட்டில் புளியங்கொட்டை அளவில் இரண்டு வீக்கம், தொட்டால் துடிக்கிறார். டாக்டர் சிங்களவர். 'லிம்ஃபடினைடிஸ்' என்று எழுதிவிட்டு, தமிழில் சொல்லும்படி என்னைப் பார்த்தார். நானும் உயர்தரத்தில் படித்த பெருமையோடு, "ஐயா, உங்களுக்கு நிணநீர்க்கணு அழற்சி" என்றேன். மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. "பிள்ளை, எனக்குச் சலரோகமும் வந்துவிட்டதா?"

'நீர்' என்பது மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது; சலரோகம் என்றால் நீரிழிவு அல்லவா. பக்கத்துக் கட்டில் கிழவர்தான், "நெறி கட்டியிருக்கிறது என்கிறா, வேறென்ன" என்று காப்பாற்றினார்.

இப்போது காயப் பராமரிப்பு பற்றித் துண்டுப்பிரசுரம் எழுதும் வேலை என் தலையில். நிர்ப்பீடனம், பிறபொருளெதிரி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் 'அன்டிபொடி') என்று எழுதவா, நோய் எதிர்ப்புச் சக்தி என்று எழுதவா? நெறி என்று எழுதினால் மேலிடத்தில் சிரிப்பார்களா?

கல்லடி ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பிள்ளை, இந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதியே தேய்ந்த கை இது. ஆகவே கொஞ்சம் பாசத்தோடு பேசுவேன். நிணம் என்றால் பழந்தமிழில் கொழுப்பு. நிணநீரை ஆங்கிலத்தில் 'லிம்ஃப்' என்கிறார்கள்; அதன் மூலமான லத்தீன் 'லிம்ஃபா' வெறும் தெளிநீர். ஆனால் சிறுகுடலில் உறிஞ்சிய கொழுப்பைச் சுமந்து போவதும் நிணநீர்க் குழாய்கள்தாம். 1622இல் இத்தாலியில் அசெல்லி என்ற மருத்துவர், தின்று முடித்த நாயின் வயிற்றைத் திறந்தபோது அவை பால் வெள்ளையாகத் தெரிந்தன. அந்த வகையில் நம் சொல்லுக்கே கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

நிர்ப்பீடனமும் அப்படித்தான்: பீடை அண்டாத நிலை. 'இம்யூன்' என்பதன் மூலச் சொல்லோ ரோமரிடம் வரியிலும் ஊழியத்திலும் விலக்குப் பெற்றவனைக் குறித்தது. சனிப் பீடை தெரிந்த ஊரில் நிர்ப்பீடனம் ஏன் புரியவில்லை என்று எனக்கு இன்றுவரை மனத்தாங்கல்தான். துண்டுப்பிரசுரத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி என்றே போடுங்கள். பிறபொருளெதிரியை அந்த வயல்காரருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சம்மாந்துறை மருந்துக்கடைக்காரர்:
தங்கச்சி, நெறி என்றே எழுதுங்கள். ஆனால் ஒன்று: நெறி என்றதும் நம் சனம் எண்ணெய் எடுத்து உருவத் தொடங்கிவிடும். புண் இருப்பது காலில், உருவுவது கவட்டில். அதை உருவ வேண்டாம் என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

இன்னொன்று, எல்லா நெறியும் ஒன்றல்ல. கழுத்தில் கோத்தாற்போல வரிசையாக வீங்குவதைப் பழைய வைத்தியர்கள் கண்டமாலை என்றார்கள். காசநோய் கழுத்துக் கணுக்களைப் பிடித்தால் வருவது பெரும்பாலும் அந்த உருவம்தான். அது அவ்வளவாக வலிக்காது. வலிக்காததால் ஆள் ஆஸ்பத்திரிப் பக்கம் போக மாட்டார். என்னிடம் வந்து பூசுமருந்து கேட்பார்.

கல்லடி ஓய்வுபெற்ற ஆசிரியர்:
கண்டமாலை! என் அம்மம்மா வாயில் கேட்ட சொல். பாடப்புத்தகத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை.

தாதிய மாணவி:
நிணநீர் என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் யானைக்காலைச் சொல்வேன், மிஸ். பைலேரியாப் புழு நிணநீர்க் குழாய்களைக் கெடுத்துவிட்டால் இரத்தத்துக்குத் திரும்ப வேண்டிய நீர் காலிலேயே தேங்கிவிடுகிறது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்த நோயை இலங்கை நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஆனாலும் பெரியவர்களுக்குச் சொல் மறக்கவில்லை.

களுவாஞ்சிகுடித் தாதி:
எல்லாருக்கும் நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன்: "காலில் புண் இருக்கும்போது கவட்டில் நெறி கட்டினால், அங்குள்ள நிணநீர்க்கணுக்கள் கிருமியோடு சண்டை பிடிக்கின்றன. உருவ வேண்டாம். புண்ணைக் காட்ட வாருங்கள். கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் கட்டாயம் வாருங்கள்."

வயல்காரர் வீடு போகுமுன் அவரிடமே வாசிக்கக் கொடுத்தேன். கால்புண் என்பதால் இரத்தத்தில் சீனியும் பார்த்திருந்தோம், சரியாகவே இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தவர் நிணநீர்க்கணுவில் விரலை வைத்து நிறுத்தினார். "இது சலரோகம் இல்லைத்தானே, பிள்ளை?"